ஒரு சர்வமத நன்றியுரை

வெள்ளை விரித்த ஆசனங்களில் எழுந்தருளியிருக்கும் வணக்கத்துக்குரிய தேரர்களே, வெள்ளை விரிக்காத பிளாஸ்டிக் நாற்காலிகளில் அமர்ந்திருக்கும் குருக்கள் ஐயா அவர்களே, மௌலவி அவர்களே, அருட்தந்தை அவர்களே, குத்துவிளக்கின் முதல் திரியை ஏற்றிவிட்டு இரண்டாவது திரி பற்றுமுன்பே வாகனமேறிப் போய்விட்ட மாண்புமிகு அமைச்சர் அவர்களே,

நன்றியுரை சொல்லும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறீர்கள். நன்றியுரையை எவரும் கேட்பதில்லை. சோற்றுப் பார்சல் வந்துவிட்டதா என்று வாசலை எட்டிப் பார்க்கும் நேரம் அது. ஆகவே இதில் எதையும் சொல்லலாம். இந்த நாட்டில் ஒரு தமிழனுக்கு இவ்வளவு கருத்துச் சுதந்திரம் வேறெந்த நிகழ்ச்சி நிரலிலும் வாய்க்காது.

முதலில் வரிசைக்கு நன்றி. பிரித் முதலில். பிறகு தேவாரம், கிராஅத், ஜெபம். இலங்கை அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்திருக்கிறது. மற்றவர்களுக்கு 10ஆம், 14ஆம் உறுப்புரைகளில் உரிமைகள் இருக்கின்றன, தேடினால் கிடைக்கும். முதலிடம் யாருக்கு என்ற கேள்வியே எழாதபடி முன்னோர்கள் செய்துவிட்டுப் போனதால், இரண்டாம் இடத்துக்குத்தான் நாங்கள் மூன்று பேரும் அடித்துக்கொள்கிறோம். அந்த அடிபிடிக்குச் சமாதானம் பேசவே இந்த மாநாடு. ஏற்பாட்டாளர்களுக்கு நன்றி.

இன்று பேசிய ஒவ்வொருவரும் தமது மதம் அன்பைப் போதிக்கிறது என்றார்கள். அடுத்தவருடைய மதமும் அப்படியே என்று கடைசியில் ஒரு வரி சேர்த்துக்கொண்டார்கள். ஒருவர்கூட 2020ஆம் ஆண்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்த நாகரிகத்துக்கும் நன்றி. எனக்கு அவ்வளவு நாகரிகம் போதாது.

2020 மார்ச் 24 அன்று உலக சுகாதார நிறுவனம் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. கொரோனாவில் இறந்தவரைப் புதைக்கலாம், எரிக்கவும் செய்யலாம். தொற்றுநோயில் இறந்தவரை எரித்தே ஆக வேண்டும் என்பது வெறும் கட்டுக்கதை என்றது. நமது சுகாதார அமைச்சின் முதல் வழிகாட்டியும் புதைக்க இடம் விட்டிருந்தது. பிறகு நீர்கொழும்பில் ஒரு முஸ்லிம் இறந்தார். கொரோனாவில் இந்த நாடு இழந்த இரண்டாவது மனிதர் அவர். குடும்பத்தின் விருப்பத்தை மீறி மார்ச் 30 அன்று எரித்தார்கள். அதன் பின்னர்தான் வழிகாட்டி திருத்தப்பட்டது. ஏப்ரல் 11 அன்று அதிவிசேட வர்த்தமானி வந்தது. நெருப்பு முன்னால் போக, சட்டம் பின்னால் மூச்சு வாங்க ஓடி வந்தது.

அந்த வர்த்தமானியை எழுதிய கைக்கு ஒரு தனி நன்றி. 800 முதல் 1200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் குறைந்தது 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை என்று சமையல் குறிப்புப்போல அளவு சொல்லி எழுதியிருந்தது. விரும்பிக் கேட்டால் சாம்பல் தரப்படும். சாம்பலைக் கேட்கும் வழக்கமே இல்லாத ஒரு சமூகத்துக்கு அரசு காட்டிய தாராளம் இது.

ஏன் எரிக்க வேண்டும்? நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்றது சுகாதார அமைச்சின் நிபுணர் குழு. புதைத்த உடலிலிருந்து கிருமி மண்ணுக்குள் இறங்கி, நீரில் கலந்து, கிணற்றில் ஏறி, குடத்தில் வந்து நம்மைக் கொல்லும். உலகமெங்கும் அந்த ஆண்டு இலட்சக்கணக்கில் புதைத்தார்கள். அங்கெல்லாம் நிலத்துக்கடியில் தண்ணீர் இல்லை போலும்.

நிலத்தடி நீர்மீது அரசுக்கு இருந்த பாசம் ஊரறிந்தது. 2013 ஆகஸ்ட் 1 அன்று கம்பஹா மாவட்டம் வெலிவேரியவில், எங்கள் கிணற்று நீர் கெட்டுவிட்டது, நல்ல தண்ணீர் தாருங்கள் என்று சிங்களக் கிராமத்தவர்கள் தெருவில் இறங்கினார்கள். இராணுவம் சுட்டது. மூவர் இறந்தார்கள். அப்போது பாதுகாப்புச் செயலாளராக இருந்தவர் கோட்டாபய ராஜபக்ஷ. நீரைக் காப்பாற்ற முஸ்லிம்களை எரித்தபோது ஜனாதிபதியாக இருந்தவரும் அவரே. ஏழு ஆண்டுகளில் ஒரு மனிதருக்குத் தண்ணீர்மீது இவ்வளவு அன்பு ஊறும் என்றால் மனமாற்றத்தில் நம்பிக்கை வைக்கத்தான் வேண்டும். யாழ்ப்பாணத்தில் சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவு ஒயில் மிதந்தபோது எந்த நிபுணரும் இவ்வளவு பதறி நான் பார்க்கவில்லை. கிணற்றில் ஒயில் இருக்கலாம். ஊரில் மையவாடி இருக்கக் கூடாது.

சுகாதார அமைச்சைக் குறை சொல்லுவது என் நோக்கம் இல்லை. இந்த மாநாட்டின் தலைப்புக்கு அந்த அமைச்சைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது. நோய் போகட்டும் என்று மந்திரித்த நீர்க்குடங்களை 2020 நவம்பரில் ஆற்றில் விட்டார் அன்றைய சுகாதார அமைச்சர். ஆறு கெடும் என்று எந்த நீரியல் நிபுணரும் குறுக்கே வரவில்லை. அடுத்த மாதம் கேகாலையிலிருந்து, கொரோனாவைத் தீர்க்கும் என்று ஒரு பாணி வந்தது. தச்சுவேலையும் சாமியாடலுமாக இருந்த ஒருவருக்குக் காளி அருளிய செய்முறை, தேன், சாதிக்காய். அமைச்சர் அதைப் பலர் பார்க்கக் குடித்தார். ஆயிரக்கணக்கானோர் அந்த ஊரில் திரண்டார்கள். முகக்கவசம் மூக்குக்குக் கீழே, இடைவெளி காளிக்கே வெளிச்சம். எங்கள் காளியை ஒரு சிங்கள பௌத்தர் வழிபட்டு, அவர் காய்ச்சியதை அமைச்சரே பருகுவது எவ்வளவு பெரிய மத நல்லிணக்கம்! இதற்காக ஒரு மாநாடும் தேவைப்படவில்லை. காளி கோயில்களில் சிங்களவர் வரிசையில் நிற்பது எனக்கு உண்மையாகவே பிடிக்கும். அந்த வரிசையில் பூசகரோ பக்தரோ எவரையும் ஆய்வுகூட அறிக்கை கேட்பதில்லை.

ஜனவரியில் அமைச்சருக்குத் தொற்று உறுதியானது. வைத்தியசாலை அவரைக் காப்பாற்றியது. மகிழ்ச்சி.

பாணி, எரிப்பு ஆகிய இரண்டையும் ஒரே அமைச்சு, ஒரே குளிரூட்டிய கட்டடத்துக்குள் இருந்து செய்தது. இடக்கையில் பாணிப் போத்தல், வலக்கையில் நீரியல் அறிக்கை. நம்பிக்கை யாருக்கு, விஞ்ஞானம் யாருக்கு என்று பங்கிட்டுக் கொடுத்தார்கள். பெரும்பான்மையின் நம்பிக்கைக்கு அமைச்சர் வாய் திறந்து குடிப்பார். சிறுபான்மையின் நம்பிக்கை என்றால் உடனே நுணுக்குக்காட்டியை எடுப்பார்கள். இறந்தவரின் ஜனாஸாவைக் குளிப்பாட்டி, வெள்ளைக் கபன் துணியிட்டு, தொழுது, மண்ணுக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்டவர்கள் பகுத்தறிவில்லாதவர்கள் ஆனார்கள். குடத்தை ஆற்றில் விட்டவர் விஞ்ஞானத்தின் காவலர் ஆனார். பகுத்தறிவு இந்தத் தீவில் ஒரு தடி. யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் யார் முதுகு என்பது.

பாணிக்குக் கூட்டம் அலைமோதிய அதே டிசம்பரில், 9ஆம் திகதி, பிறந்து இருபது நாளான ஒரு குழந்தையை எரித்தார்கள்.

இந்த இடத்தில் நகைச்சுவையாக ஒரு வரி எழுத முயன்றேன். வரவில்லை. தாயும் தந்தையும் சம்மதிக்கவில்லை, கையெழுத்திட மறுத்தார்கள். எரித்தார்கள். இருபது நாள் பிள்ளையின் உடம்பு எவ்வளவு இருக்கும்? அதைப் புதைத்தால் எந்த நீரோட்டம், எந்தக் கிணறு, எந்த ஊர் நஞ்சாகும்? கணக்குப் போட்டுக் காட்டட்டும். நிபுணர் குழுவின் மேசையில் இருந்த பேராசிரியர்களுக்குப் பேரப்பிள்ளைகள் இருந்திருக்க மாட்டார்களா?

அதற்கு முந்திய வாரந்தான், டிசம்பர் 1 அன்று, நாட்டின் அதியுயர் நீதிமன்றம் எரிப்புக்கு எதிரான மனுக்களைத் தள்ளுபடி செய்திருந்தது. காரணம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தக் காரணத்தோடு நாம் மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கும், நேரம் மிச்சம். அந்நாட்களில் சில குடும்பங்கள் உடலைப் பொறுப்பேற்கவும் பெட்டிக்குப் பணம் கட்டவும் மறுத்துவிட்டன. எங்கள் வாப்பாவை நீங்கள் எரிப்பதற்கு நாங்கள் ஏன் காசு தர வேண்டும் என்றார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கோப்பில் அந்த உடல்கள் ‘உரிமை கோரப்படாதவை’ என்று பதியப்பட்டன. பிள்ளைகள் வாசலில் நின்று அழுதுகொண்டிருக்க, உள்ளே அவர்கள் அநாதைப் பிணங்கள் ஆனார்கள். சட்டமா அதிபர் அவற்றை எரிக்கலாம் என்று ஆலோசனை தந்தார்.

குழந்தை எரிந்த பிறகு பொரளை மயானத்தின் கம்பி வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். கபனுக்குப் பதில் ஒரு கீற்று. முஸ்லிம்கள் மட்டும் வரவில்லை. சிங்களவர்கள் வந்தார்கள், கிறிஸ்தவ குருமார் வந்தார்கள். எவரும் அழைப்பிதழ் அச்சிடவில்லை, எவருக்கும் பொன்னாடை போர்த்தவில்லை. நான் அறிந்தவரை இந்த நாட்டில் நடந்த ஒரே ஒழுங்கான சர்வமதக் கூட்டம் அதுதான். இரவோடிரவாகத் துணிகளை அவிழ்த்துப் போட்டுவிட்டார்கள். தேரர் அமரும் கதிரையில் விரித்தால் வெள்ளைத் துணி மரியாதை. வேலியில் கட்டினால் பொதுச் சொத்துக்குச் சேதம்.

மாலைதீவுக்கும் நன்றி சொல்ல மறக்கக் கூடாது. இலங்கை முஸ்லிம்களின் உடல்களைத் தமது மண்ணில் அடக்கம் செய்ய உதவுவது பற்றி யோசிப்பதாக அந்த நாடு அறிவித்தது, அதுவும் நமது ஜனாதிபதி கேட்டுக்கொண்டதன்பேரில். ஆயிரம் ஆண்டுகளாக இந்த மண்ணில் பிறந்து, வாணிபம் செய்து, வரி கட்டி, வாக்குப் போட்டு, கடைசியில் ஆறடி மண்ணுக்குக் கடவுச்சீட்டு. கடல் மட்டத்திலிருந்து இரண்டு முழம் உயரமுள்ள தீவுகள் அவை. அங்கே நிலத்தடி நீர் எங்கே இருக்கிறது என்று நமது நீரியல் நிபுணர்கள் கேட்கவில்லை. அவர்களுக்குப் பிணம் இங்கிருந்து போனால் போதும்.

இனி மௌலவி அவர்களின் பக்கம் திரும்புகிறேன், கோபிக்க வேண்டாம். ஜனாஸாக்கள் எரிந்துகொண்டிருந்த 2020 ஒக்டோபரில் அரசியலமைப்பின் 20ஆவது திருத்தம் நாடாளுமன்றத்துக்கு வந்தது. ஜனாதிபதியின் கையில் அதிகாரத்தை மூட்டையாகக் கட்டிக் கொடுக்கும் திருத்தம். எதிர்க்கட்சி வரிசையில் இருந்த முஸ்லிம் உறுப்பினர்கள் பலர் எழுந்து ஆதரவாக வாக்களித்தார்கள். எரிப்பை நிறுத்துவார்கள் என்ற நம்பிக்கையில் போட்டோம் என்று பிறகு சொன்னார்கள். நெருப்பு நிற்கவில்லை. வாக்குத் திரும்பி வரவில்லை. அவர்களும் இப்படிப்பட்ட மாநாடுகளில் முன்வரிசையில்தான் இருப்பார்கள். இன்று யாரும் வந்திருந்தால் என் பாராட்டுக்கள்.

குருக்கள் ஐயா சிரிக்கிறார். சிரிக்க வேண்டாம் ஐயா, அடுத்தது நாங்கள்தான்.

இந்தத் தீவில் கல்லறையின் அருமை தெரிந்த இன்னொரு சமூகம் இருக்குமானால் அது தமிழர்கள். விடுதலைப் புலிகளின் மாவீரர் துயிலும் இல்லங்களைப் புல்டோசர் வைத்து உழுதார்கள். கோப்பாயில் பிள்ளைகள் படுத்திருந்த நிலத்தின்மேல் 51ஆவது படைப்பிரிவின் தலைமையகத்தைக் கட்டினார்கள். தாய்மார் எங்கே விளக்கேற்றுவது என்று தெரியாமல் வேலிக்கு வெளியே நின்றார்கள். புதைத்தவரைத் தோண்டியெறிந்த அரசும் புதைக்க வந்தவரை எரித்த அரசும் ஒன்றுதான் என்று முதலில் புரிந்திருக்க வேண்டியவர்கள் நாங்கள். எங்களில் பலருக்குப் புரியவும் புரிந்தது. ஆனால் முகநூலில் நான் பார்த்த இன்னொரு கூட்டமும் இருந்தது: நாங்களுந்தானே எரிக்கிறோம், இதில் என்ன பெரிய விஷயம்? எரிப்பது எங்கள் விருப்பம். அவர்கள் எரிந்தது அரசின் விருப்பம். இதை ஒரு சைவப்பழத்துக்கு விளக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது போனது. அவர் கடைசியில் முஸ்லிம்கள்மேல் காத்தான்குடி, கல்முனை, காணி என்று கணக்கு வாசிக்கத் தொடங்கினார்.

கணக்கு வாசிப்பதென்றால் முழுதாக வாசிக்க வேண்டும். 1990 ஆகஸ்ட் 3, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சுட்டது யார்? அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை, யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேர அவகாசத்தில், கட்டிய துணியோடு விரட்டியது யார்? 2018இல் திருகோணமலையில் ஒரு இந்து மகளிர் பாடசாலை வாசலில் முஸ்லிம் ஆசிரியைகளின் அபாயாவுக்கு எதிராகப் பதாகை பிடித்தது யார்? 2019இல் கல்முனையில் பௌத்த தேரரும் இந்துக் குருக்களும் ஒரே பந்தலில் உண்ணாவிரதம் இருந்தார்கள். பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கேட்பது நியாயமாகவே இருக்கட்டும். பந்தலுக்கு, முஸ்லிம் எதிர்ப்பில் பெயர்பெற்ற ஞானசார தேரர் வந்தார், எங்கள் ஆட்கள் வணங்கி வரவேற்றார்கள். காவியும் திருநீறும் கைகோத்த அந்த அற்புதத்துக்கு எதிரில் நிறுத்தப்பட்டிருந்தது முஸ்லிம். மூன்றாமவனை அடிக்க இரண்டு மதங்கள் சேர்ந்தால் அதற்கும் நாம் நல்லிணக்கம் என்றே பெயர் வைத்துக்கொள்கிறோம்.

அந்தத் தேரரைப் பற்றி ஒரு வார்த்தை. நீதிமன்றத்தை அவமதித்ததற்காக 2018இல் அவருக்கு ஆறு ஆண்டுச் சிறை. 2019 மே மாதம், உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளின் புகை அடங்குமுன், பொது மன்னிப்பு. 2021 ஒக்டோபரில் ‘ஒரே நாடு ஒரே சட்டம்’ செயலணிக்குத் தலைவர். சட்டத்தை இவ்வளவு நெருக்கமாக உள்ளேயிருந்து பார்த்தவர் வேறு யார் கிடைப்பார்? முதலில் அறிவித்த செயலணியில் ஒரு தமிழர்கூட இல்லை. ஒரே நாடு என்றால் அவ்வளவுதான் இடம்.

எரிப்பு எப்படி நின்றது? விஞ்ஞானம் மனம் மாறியது என்று நினைக்க வேண்டாம். மருத்துவர்களின் சங்கங்கள் புதைக்கலாம் என்று முன்பே சொல்லிவிட்டன. செவி சாய்க்க ஆளில்லை. 2021 பெப்ரவரியில் பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்புக்கு வந்தார். அடுத்த மாதம் ஜெனீவாவில் இலங்கைமீது மனித உரிமைத் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வரவிருந்தது. இஸ்லாமிய நாடுகளின் வாக்கு வேண்டும். இம்ரான் கான் விமானமேறிய மறுநாள், பெப்ரவரி 25 திகதியிட்ட வர்த்தமானி புதைக்க அனுமதித்தது. பதினொரு மாதம் நஞ்சாக இருந்த நிலத்தடி நீர் ஒரு விருந்துபசாரத்தில் தெளிந்துவிட்டது. மார்ச் 23 அன்று பாகிஸ்தான் தீர்மானத்தை எதிர்த்து இலங்கைக்காகக் கை தூக்கியது. ஆனாலும் 22க்கு 11 என்று தீர்மானம் நிறைவேறியது. போரின் முடிவில் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்கான கணக்கைத் தட்டிக்கழிக்க, கொழும்பில் இறந்தவர்களைப் பேரம் பேசினார்கள். தமிழ்ப் பிணத்தை மறைக்க முஸ்லிம் பிணம். இதில் எந்த மதம் எந்த மதத்தோடு உரையாடியது என்று அறிஞர்கள் ஆராயலாம்.

அனுமதித்ததோடு விட்டார்களா? மார்ச் 2 அன்று, புதைப்பது இரணைதீவில் என்று அறிவித்தார்கள். இரணைதீவு எங்கள் கத்தோலிக்க மீனவர்களின் ஊர். 1992இல் இடம்பெயர்ந்து, கடற்படை ஊரைப் பிடித்துக்கொள்ள, கால் நூற்றாண்டு அக்கரையில் காத்திருந்து, 2018இல் வெள்ளைக் கொடி கட்டிய படகுகளில் தாங்களாகவே போய் இறங்கியவர்கள். அவர்களுடைய தீவில் முஸ்லிம்களைப் புதைக்கத் தமிழ்க் கத்தோலிக்கர் எதிர்த்தால், பார்த்தீர்களா, மறுப்பது நாங்கள் இல்லை என்று உலகத்துக்குச் சொல்லலாம். யாருடைய மூளையோ தெரியவில்லை, ஆனால் அந்த மூளைக்குச் சிலை வைக்க வேண்டும். மக்கள் குருமாரோடு கரையில் நின்று எதிர்த்தார்கள். எதிர்த்தபோதும், எங்கள் சண்டை முஸ்லிம்களோடு இல்லை, அவர்களைப் புதைக்க அவர்களுடைய ஊரிலேயே இடம் கொடுங்கள் என்றுதான் கேட்டார்கள். அதற்கு ஒரு மாதம் முன்புதான் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை தமிழரும் முஸ்லிம்களும் ஒன்றாக நடந்திருந்தார்கள், ஜனாஸா எரிப்பை நிறுத்து என்பதும் அந்தக் கோரிக்கைகளில் இருந்தது. இரு தரப்பையும் மோதவிடும் திட்டம் பிசகியது.

கடைசியில் ஓட்டமாவடி. மார்ச் 5 முதல் ஓராண்டுக்கு, நாட்டின் எந்த மூலையில் இறந்தாலும், மட்டக்களப்பின் அந்த ஒதுக்குப்புறக் காணிக்கு இராணுவக் காவலோடு லொறியில் போக வேண்டியிருந்தது. 3,600க்கும் மேற்பட்டோர் அங்கே இருக்கிறார்கள். பெரும்பான்மையினர் முஸ்லிம்கள். கூடவே எரிக்க விரும்பாத குடும்பங்களின் பௌத்தர்கள், இந்துக்கள், கிறிஸ்தவர்கள். அங்கே முதன்மை இடம் யாருக்கும் இல்லை, வந்த வரிசைப்படி குழி.

2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர் என்று எண்ணியும் சொன்னது. பாதுகாப்பாகப் புதைத்தால் நீருக்கு ஆபத்தில்லை என்று ஆய்வு காட்டியதாம். இனி எரிப்பதா புதைப்பதா என்று அவரவர் தெரிவு செய்ய ஒரு சட்டமும் வருமென்றது. மன்னிப்புக் கேட்டது அமைச்சரவை என்ற ஒரு கூட்டுப் பெயர். எரிக்கச் சொன்னது நிபுணர் குழு என்ற இன்னொரு கூட்டுப் பெயர். இரண்டு கூட்டுப் பெயர்களுக்கு நடுவே இதற்காக ஒரு மனிதர்கூடப் பதவி இழக்கவில்லை, ஒரு பட்டம்கூடப் பறிக்கப்படவில்லை, ஒருவரைக்கூட விசாரணைக்கு அழைத்து, அந்த இருபது நாள் பிள்ளையின் கோப்பில் கையெழுத்து வைத்தது நீயா என்று கேட்கவில்லை.

யாரோ கை உயர்த்துகிறீர்கள். பின்வரிசையில், தலையில் தொப்பி போட்ட தம்பி. கேள்வியா? மன்னிக்க வேண்டும் தம்பி, நிகழ்ச்சி நிரலில் நன்றியுரைக்குப் பிறகு தேசிய கீதம்தான் இருக்கிறது.